வண்ணம் களைந்த வண்டி



ஸ்ரீவைகுண்டத்தில் என் அண்டை வீட்டார் ஒருவர், தம் தந்தையார் ஓட்டிய பழைய அம்பாசிடர் வண்டியைப் புதுப்பிக்க விரும்பினார். பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புதியது பூசினால் ஒரு மாதத்தில் வேலை முடியும் என்பது அவர் நம்பிக்கை. சுரண்டிய பிறகுதான் வண்டியின் உண்மை நிலை தெரிந்தது.

கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்துவந்து, 2014-ஆம் ஆண்டில் நிறுத்திய வண்டி அது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வழித்தோன்றல். அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. அடித்தளமும் தூண்களும் கூரையும் பற்றவைக்கப்பட்டு, ஒரே கூடாக நின்று பாரத்தைச் சுமக்கின்றன. சென்னையில் 1961-இல் செய்யத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு வகையானது. அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. மேற்கூட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றலாம். ஆகவே கதவுக்குக் கீழுள்ள சட்டம் அரித்துப்போனால் ஹெரால்டில் பெரும்பாலும் அழகுதான் கெடும். அம்பாசிடரிலோ வண்டியே நடுவில் தொய்ந்துவிடும்.

தகட்டு வேலை செய்யும் மிஸ்திரி, வண்ணத்தை நீக்குமுன் ஒரு சிறு காந்தத்தை உடல் முழுதும் நகர்த்திப் பார்த்தார். பின்சக்கர வளைவில் அது பற்றாமல் வழுக்கிற்று. அங்கே இருந்தது இரும்பன்று, பட்டி! முன்பு யாரோ ஓட்டையைப் பட்டியால் அடைத்து வண்ணம் பூசி மறைத்திருந்தார்கள். பிறகு, பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதுபோலச் சிறு சுத்தியால் தட்டினார். நல்ல தகடு கணீரென்றது; கெட்ட தகடு மந்தமாக ஒலித்தது.

உப்பளங்களும் கடலும் அருகிலிருக்கும் நாட்டில் இது வியப்பன்று. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். துருப்பிடித்தலோ மின்வேதியியல் நிகழ்ச்சி. துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைப்பதால், இரு தகடுகள் சேரும் மடிப்பு உள்ளிருந்தே புடைத்துப் பிளக்கிறது. வெளியே கொப்புளம் தோன்றும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

அடுத்துக் கதவு வாயில்களை மூலைக்கு மூலை அளந்தார். இடப்பக்க அளவு வலப்பக்கத்தோடு ஒத்துவரவில்லை. சட்டம் தளர்ந்து கூடு சாய்ந்திருந்தது. எடுத்தவுடன் கெட்ட சட்டத்தை வெட்டினால் கூடு மேலும் தொய்யும். முதலில் அளவைச் சரிசெய்து, வாயிலின் குறுக்கே தற்காலிகக் கம்பிகளைப் பற்றவைத்த பின்பே வெட்டவேண்டும் என்றார். இது செலவுள்ள வேலை.

“பழைய இரும்புக்கே போட்டுவிடட்டுமா?” என்று நண்பர் கேட்டார், குரல் கம்மியிருந்தது. கூரையும் தூண்களும் திடமாயிருந்ததால் வண்டியைக் காப்பாற்றலாம் என்றார் மிஸ்திரி. யோசிக்க ஓரிரவு கேட்டுக்கொண்டு நண்பர் போனார். வெறுந்தகட்டை இந்தக் காற்றில் ஓரிரவு விடலாகாதென்று, விடையை எதிர்பாராமலே மிஸ்திரி துருவை நீக்கி பிரைமர் பூசிவைத்தார்.

மறுநாட்காலை நண்பர் வந்தார். “இடப்பக்கச் சட்டத்தை முதலில் செய்யுங்கள்; வண்ணத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.