காது வைத்தியமும் நமது சம்மதமும்

தோட்டத்து ஆஸ்பத்திரியானாலும் சரி, பட்டணத்து ஆஸ்பத்திரியானாலும் சரி, டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் நமக்கெல்லாம் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. அவர் எது சொன்னாலும் தலையை ஆட்டுகிறோம். ‘சரிங்க டாக்டர்’ என்கிறோம். புரிந்ததா என்று அவர் கேட்டால் அதற்கும் தலையை ஆட்டுகிறோம். வெளியே வந்த பிறகு, ‘என்ன சொன்னார்?’ என்று வீட்டார் கேட்டால், ‘ஏதோ சொன்னார், ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்’ என்கிறோம்.

எந்த நோய்க்கும் இந்தப் பழக்கம் கெடுதல்தான். காது நோய்க்கோ இது இரட்டைக் கெடுதல். எந்தக் குறைக்காக ஒருவர் டாக்டரிடம் போகிறாரோ, அந்தக் குறையே டாக்டர் சொல்வதை அவர் அறிந்துகொள்ள முடியாமல் தடுக்கிறது. காது மந்தமானவர்கள் பலர், ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். எதிரில் இருப்பவர் சிரித்தால் தாமும் சிரித்து, தலையாட்டினால் தாமும் தலையாட்டிச் சமாளிப்பார்கள். நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளிடம் இதைத் தினமும் பார்க்கிறோம். திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது அதனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. அதே தலையாட்டலை ஆஸ்பத்திரியில் ‘சம்மதம்’ என்று எடுத்துக்கொண்டு காதில் கத்தி வைத்தால் என்ன ஆகும்? இதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

முதலில் காதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். வெளியே தெரியும் காது, உள்ளே இருப்பதன் வாசல் மாதிரி. துளையின் உள் முனையில் செவிப்பறை இருக்கிறது. அகலம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். கனமோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குப் பின்னால் மூன்று சிறு எலும்புகள். அவற்றில் கடைசி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அதுதான். இந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே முகத்தை அசைக்கும் நரம்பு எலும்பைக் குடைந்துகொண்டு போகிறது. நாக்குக்குச் சுவை தரும் நரம்பு ஒன்று செவிப்பறையை ஒட்டிப் போகிறது. நாம் நேராக நிற்பதற்கு உதவும் உறுப்பும் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே, ‘காதுதானே, சின்ன ஆப்பரேஷன்’ என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. காதில் சீழ் வடிந்து, பின்பக்க எலும்பை அரித்துவிட்டால், அறுவை சிகிச்சை அவசியமாகிவிடும். செய்யாமல் விட்டால் சீழ் மூளை வரைக்கும் போய் உயிருக்கே ஆபத்து வரலாம். செய்தாலும், அரிதாக முகம் ஒரு பக்கம் கோணலாம், நாக்கில் சுவை மாறலாம், தலைசுற்றல் வரலாம், இருக்கிற செவித்திறனும் குறையலாம். செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்ற இரண்டு பக்கத்தையும் நம்மிடம் சொல்வது டாக்டரின் கடமை. கேட்டுத் தெரிந்துகொண்டு பதில் சொல்வது நம் பொறுப்பு. பயந்து ஓடுவதற்காக இதைச் சொல்லவில்லை. திறமையான டாக்டர்கள் இந்த ஆப்பரேஷன்களை நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நல்லபடியாகச் செய்து வருகிறார்கள்.

நோயாளியின் சம்மதம் பற்றி உலகத்தில் மிகவும் பேசப்பட்ட பழைய வழக்கு ஒன்று, காது வழக்குதான் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் மின்னசோட்டா என்ற மாநிலத்தில் அன்னா மோர் என்ற பெண்மணி இருந்தார். வலது காதில் கோளாறு என்று காது வைத்தியர் ஒருவரிடம் போனார். வைத்தியர் சோதித்து, வலது காதில் அறுவை சிகிச்சை தேவை என்றார். இடது காதை அடைப்பு இருந்ததால் முழுவதும் பார்க்க முடியவில்லை. அந்த அம்மாள் வலது காதுக்குச் சம்மதித்தார். மயக்க மருந்து கொடுத்த பிறகு வைத்தியர் இடது காதை நன்றாகப் பார்த்தார். வலதைவிட இடதுதான் மோசம் என்று கண்டார். மயக்கத்தில் இருப்பவரை எப்படிக் கேட்பது? இடது காதில் ஆப்பரேஷனைச் செய்து முடித்துவிட்டார். கைத்திறனில் குறை ஒன்றுமில்லை. நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் கண் விழித்த அம்மாள் வழக்குப் போட்டார். 1905ஆம் ஆண்டில் அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உடனே செய்யாவிட்டால் உயிர் போகும் என்ற நிலைமை இல்லை. அப்படியிருக்க, அவர் கொடுக்காத சம்மதத்தை வைத்தியர் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது ஒருவர் உடம்பில் அனுமதியில்லாமல் கை வைத்ததே ஆகும் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

ஒரு காதுக்குக் கொடுத்த சம்மதம் மறு காதுக்குச் செல்லாது. இவ்வளவு எளிய விஷயத்துக்கு ஒரு பெண் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இன்னொரு வழக்கு, காதைப் பற்றியது அல்ல, கண்ணைப் பற்றியது. ஆனால் நமக்கு மிகவும் வேண்டியது. ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்மணிக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு கண் பார்வை கிடையாது. அந்தக் கண்ணில் ஆப்பரேஷன் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். ‘நல்ல கண்ணுக்கு ஏதும் வந்துவிடாதே?’ என்ற கவலையில் அவர் திரும்பத் திரும்பப் பல கேள்விகள் கேட்டார். ஏறக்குறைய 14,000 பேரில் ஒருவருக்கு நல்ல கண்ணும் கெட்டுப்போகக்கூடும் என்ற விஷயத்தை டாக்டர் சொல்லவில்லை. அந்த ஒருவராக அவரே ஆகிவிட்டார். இரண்டு கண்ணும் போய்விட்டன. 1992இல் ஆஸ்திரேலிய உயர்ந்த நீதிமன்றம், எதைச் சொல்ல வேண்டும் என்பதை டாக்டர்களின் வழக்கத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, அந்த நோயாளிக்கு எது முக்கியமோ அதைச் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இது எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் 1982இல் சாலை விபத்தில் கழுத்தில் அடிபட்ட ஒரு பெண், ஆப்பரேஷனுக்குப் பிறகு கை கால் செயலிழந்து போனார். அவருடைய வழக்கு 2006ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதிதான் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. இருபத்து நான்கு வருடம்! ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் விஷயத்தில் அந்த ஆஸ்திரேலியத் தீர்ப்பின் வழியையே நம் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆகவே, கேள்வி கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. சட்டமே நமக்குக் கொடுத்திருக்கும் இடம் அது.

இந்தக் கண் வழக்கைக் காதுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு காது முழுச் செவிடு. மறு காதுதான் கேட்கிறது. அந்தக் கேட்கும் காதில் ஆப்பரேஷன் என்றால், அவருக்கு அது ஒரு காது சம்பந்தப்பட்ட விஷயமா? முழு உலகமும் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா? நம்மவர்கள் பலர் ஒரு காது கேட்காததை வெளியே சொல்வதில்லை. ‘சின்ன வயதில் காது வடிந்தது, அப்போதே போய்விட்டது’ என்று விட்டுவிடுவார்கள். அதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

இனி, ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்குள்ள டாக்டர், தேவையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார். ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா, மூவாரில் சுல்தானா ஃபாத்திமா ஆகிய ஆஸ்பத்திரிகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. பலகையில் ‘ஓ.ஆர்.எல்.’ என்று போட்டிருப்பார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் வராந்தா வராந்தாவாக அலைகிறவர்கள் உண்டு.

அங்கே டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். வாயில் முகக் கவசம் வேறு. காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார்கள். கவசம் போட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ‘எனக்குக் காது கேட்காது, கொஞ்சம் கவசத்தைக் கழற்றிப் பேசுங்கள், அல்லது பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள்’ என்று கேட்கலாம். தமிழ் தெரிந்த மிஸ்ஸி இருந்தால் கூப்பிடச் சொல்லலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், ‘நீதான் மலாய் படிக்கிறாயே, சொல்லு’ என்று அதன் தலையில் இந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாத்தாவின் முக நரம்பைப் பற்றி என்ன தெரியும்? தனக்குப் புரியாததை விட்டுவிட்டு, புரிந்ததை மட்டும் சொல்லும். வளர்ந்த மகனோ மகளோ மருமகளோ ஒரு நாள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போவது நல்லது.

டாக்டர் சொல்லி முடித்ததும், கேட்டதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘அப்படியானால், இடது காதில், பின்பக்கம் வெட்டி, அரித்துப்போன எலும்பை எடுக்கப் போகிறீர்கள், கேட்கும் சக்தி கூடும் என்று உறுதி இல்லை, அப்படித்தானே?’ தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இப்படிப் பேசிய பிறகு போடும் கையெழுத்துதான் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைத்தாலும் அப்படியே. பாரத்தில் எந்தக் காது என்ற இடத்தை மட்டும் வீட்டார் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குத் தாய் தகப்பனோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். ஆனாலும் பிள்ளைக்கும் அதன் வயதுக்கேற்றபடி சொல்லிவிடுங்கள்.

ஆப்பரேஷன் நாளன்று, ‘உங்கள் பெயர் என்ன? எந்தக் காது?’ என்று மிஸ்ஸி கேட்பார், மயக்க டாக்டர் கேட்பார், மறுபடியும் வேறொருவர் கேட்பார். ‘இத்தனை தடவை கேட்கிறார்களே, இவர்களுக்கே தெரியாதா?’ என்று கோபப்படாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலின்படி அவர்கள் கேட்கிறார்கள். எதிரே நிற்பவருக்கு உங்கள் வலது, இடதாகத் தெரியும். எனவே வாயால் சொல்வதோடு, அந்தக் காதைக் கையால் தொட்டும் காட்டுங்கள். தோலில் மையால் அடையாளம் போடுவார்கள், அதைக் கழுவிவிடாதீர்கள். காதுக் கருவி போடுகிறவர்கள், இந்தக் கேள்விகளெல்லாம் முடிந்த பிறகு கழற்றித் தருவதாகச் சொல்லலாம்.

சம்மதம் ஆப்பரேஷனுக்கு மட்டும் உரியதல்ல. காதில் தண்ணீர் அடித்துக் குறும்பி எடுப்பது சாதாரண வேலைதான். ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது கூடாது. முன்பு சீழ் வடிந்திருந்தாலோ, ஆப்பரேஷன் ஆகியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் தலை சுற்றும். வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்துவார்கள். வீட்டில் கொண்டை ஊசியும், காக்கை இறகும், காய்ச்சிய எண்ணெயும் கொண்டு பிள்ளையின் காதைப் பார்க்கும் பாட்டிமார்களிடம் யார் சம்மதம் கேட்பது என்பது வேறு கதை!

சில மருந்துகளும் காதைத் தாக்கும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி 1940களில் வந்தபோதே, அது சிலருக்குச் செவியையும் உடம்பின் நிதானத்தையும் கெடுப்பதைக் கண்டார்கள். ஜென்டாமைசின் ஊசியும் அந்த இனம்தான். உயிரைக் காக்க அது தேவைப்படலாம். ஆனால் ஊசி போடும் நாட்களில் காதில் இரைச்சலோ தள்ளாட்டமோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி ஊசியால் காது போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். சில குடும்பங்களில் அந்தப் பலவீனம் தாய் வழியாக வருகிறது.

செம்பனை ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்பது 2019ஆம் ஆண்டு விதிகள் வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேல் இரைச்சல் உள்ள இடத்தில் இருப்பவர்களுக்குச் செவிச் சோதனை செய்ய வேண்டும். அதற்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சோதனை முடிந்து ஒரு தாளை நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். காது குறைந்திருக்கிறது என்றால், அது இரைச்சலால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். தொழிலால் வந்த செவிட்டுக்குச் சொக்சோவில் வழி உண்டு.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி மாற்ற முடியாதே என்று சிலர் தவிக்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு எந்த நேரத்திலும் ‘இப்போது வேண்டாம், இன்னும் யோசிக்க வேண்டும்’ என்று சொல்லலாம். தள்ளிப் போட்டால் என்ன கெடுதல் என்பதை டாக்டர் சொல்வார். அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கோப்பில் எழுதிவிட்டு வேறொரு தேதி கொடுப்பார்கள். அந்தத் தேதிச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி மறந்துவிடாமல், நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.