தாதியரிடம் கூச்சம் எதற்கு?



மருத்துவமனையில் படுத்திருக்கும் நம் தாய்மார் பலர், மலசலப் பாத்திரம் கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். இதனால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரக்கூடும். நல்ல தாதி, நோயாளி வாய் திறக்குமுன் தாமே வந்து கேட்பார். திரையை இழுத்து மறைப்பார். புரள இயலாதவரை ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கொருமுறை திருப்பிப் படுக்க வைப்பார். இன்றேல் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் உண்டாகும். தோல் சிவந்திருக்கக் கண்டால் உறவினரும் உடனே சொல்லலாம். மொழி தெரியாதே என்று வாளாவிருக்க வேண்டா. 'சாக்கிட்' என்ற ஒரு மலாய்ச் சொல்லும், வலிக்கும் இடத்தைச் சுட்டும் விரலும் போதும்.

மாலையில் காணச் செல்வோர், மருத்துவர் தடுத்திருந்தாலன்றி, "இன்று எத்தனை குவளை நீர் அருந்தினீர்கள், அம்மா?" என்றும் கேட்டு வாருங்கள்.