ஆறு வயதுப் பல்லுக்குக் கொழுக்கட்டை அவிப்பது யார்?

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி வீரமுனையில் நடைபெற்ற தாய்மார் சந்திப்பில், ஓய்வுபெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



நூற்றாண்டு விழாவில் எதைப் பற்றிப் பேசுவது என்று செயலாளரிடம் கேட்டேன். "நீங்கள் முப்பது வருசமாகப் பார்த்ததையே பேசுங்கள்" என்றார். நான் பார்த்ததெல்லாம் பிள்ளைகளின் வாய்தான். ஆகவே பல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம்முடைய வீடுகளில் பல்லுக்கு இரண்டு சடங்குகள் உண்டு. குழந்தைக்கு முதற்பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை அவிப்போம். தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரிச் செருகி, பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலையில் கொட்டுவோம். முன்னால் தட்டத்தில் புத்தகமும் பேனையும் நகையும் வைத்து, பிள்ளை எதைத் தொடுகிறது என்று பார்ப்போம். பிறகு ஆறு ஏழு வயதில் முன்பல் விழுந்தால் அதைக் கூரையில் எறிந்து, புதுப்பல் தரும்படி அணிலிடம் கேட்போம். வந்த பல்லுக்கு ஒரு விழா, போன பல்லுக்கு ஒரு விழா. இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. அதற்கு யாரும் கொழுக்கட்டை அவிப்பதில்லை. நான் இன்று பேச வந்தது அந்தப் பல்லைப் பற்றி.

ஆறு வயதளவில், கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் வருகின்றன. எந்தப் பாற்பல்லும் விழுந்து இவற்றுக்கு இடம் கொடுப்பதில்லை. ஆடாமல், இரத்தம் வராமல், ஈறைக் கிழித்துக்கொண்டு மெதுவாக எழும்பும். பிள்ளை சொல்லாது, தாய் கவனிக்கமாட்டாள். இரண்டு வருசம் கழித்து அது சூத்தையாகி வலிக்கும்போது, "பால்பல்லுத்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுவோம். அது முளைக்காது. அதுதான் சாகும்வரைக்குமான பல்.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நான்காம் வகுப்பில் படிக்கும்போது கீழ்த்தாடை இடப்பக்கத்துப் பல் ஒன்று வலித்துக் கன்னம் வீங்கியது. வீட்டில் கிராம்பு வைத்தார்கள். உப்புத்தண்ணி கொப்பளிக்கச் செய்தார்கள். கடைசியில் பிடுங்கினார்கள். அம்மம்மா அந்தப் பல்லையும் கூரையில் எறிந்தா. நான் வருசக்கணக்காகக் காத்திருந்தேன். அணில் திருப்பித் தரவேயில்லை. பயிற்சிக்குப் போன முதல் மாதம், கண்ணாடியில் என் வாயை நானே எண்ணிப் பார்த்தபோதுதான், என் 9 வயதில் போனது எந்தப் பல் என்று விளங்கியது. இன்றும் நான் கச்சான் கடிப்பது வலப்பக்கத்தால்தான்.

அந்தப் பயிற்சியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். முதலாம் உலகப் போரில் நியூசிலாந்துப் படைக்கு ஆள் சேர்த்தபோது, இளைஞர்களின் பற்கள் கெட்டுப்போயிருந்ததைக் கண்டு அந்த நாடு திகைத்தது. பெரியவர்களைப் பார்த்துப் பயனில்லை, பிள்ளைகளிலிருந்து தொடங்கவேண்டும் என்று தோமஸ் ஹன்ரர் என்ற பல்வைத்தியர் முனைந்து, 1921இல் வெலிங்ரன் நகரில் இளம்பெண்களைப் பாடசாலைப் பற்தாதிகளாகப் பயிற்றத் தொடங்கினார். பெண்பிள்ளைகள் பல்லுக்குக் கைவைப்பதா என்று பல்வைத்தியர்களே எதிர்த்ததுண்டு. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் அதே நியூசிலாந்தின் உதவியோடு மகரகமயில் நமக்கும் ஒரு பயிற்சிப் பாடசாலை வந்தது. அங்கே படித்தவர்கள்தான் கிராமத்துப் பாடசாலைகளுக்கு வந்த "பல் மிஸி"மார். அந்த வரிசையில் நானும் ஒருத்தி. நம் கல்லூரியிலிருந்து போனவள் என்று சொல்லிக்கொள்ளும்போது இப்போதும் ஒரு சின்னப் பெருமை வரத்தான் செய்கிறது.

சரி, பிள்ளைகளுக்கு இதை எப்படிப் படிப்பிப்பது?

நம் பிள்ளைகள் வெட்டும் பல், வேட்டைப் பல், முன்கடைவாய்ப் பல், கடைவாய்ப் பல் என்று பாட்டுப் போலச் சொல்வார்கள். படமும் கீறுவார்கள். ஆனால் தங்கள் வாய்க்குள் பார்க்கமாட்டார்கள். ஒரு பாடசாலைக்குச் சோதனைக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மூன்றாம் தரத்தில் ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டிருந்தது. "உனது வாயில் எத்தனை பற்கள் உள்ளன?" என்ற கேள்விக்கு 24 என்று எழுதியிருக்கிறது. 32 என்பதுதான் சரி என்று சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டிருந்தது. நான் அந்தப் பிள்ளையைக் கதிரையில் இருத்தி எண்ணினேன். 24தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் எட்டுப் புதுப்பல், பின்னால் நான்கு ஆறுவயதுப் பல், இடையில் பன்னிரண்டு பாற்பல். நாக்கால் தடவித் தடவி எண்ணி எழுதியிருக்கிறது. வகுப்பில் உண்மையைச் சொன்ன ஒரே பிள்ளை அதுதான். கேள்வி "உனது வாயில்" என்றல்லவா கேட்டது! ஆசிரியையிடம் தனியாகச் சொன்னேன். நல்லவர், உடனே திருத்திப் புள்ளி போட்டார்.

அதன்பிறகு நான் படம் கொண்டுபோவதை விட்டுவிட்டேன். ஒரு கூடை கொய்யாப்பழம், நாலைந்து கைக்கண்ணாடி, கொஞ்சம் அவித்த சோளன், கொஞ்சம் கச்சான். அவ்வளவுதான். கொய்யாவை ஒரு கடி கடித்துவிட்டுப் பழத்தைப் பார்க்கச் சொல்வேன். பழத்தில் உளி பட்டது போலத் தடம் இருக்கும். அதுதான் வெட்டும் பல். வெள்ளாண்மை ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாக்கத்தி என்று சொன்னால் போதும், உடனே பிடிபடும். வேட்டைப் பல்லுக்கு நாயின் வாயைக் காட்டலாம். கரும்பைக் கடித்து இழுப்பது எந்தப் பல்லால் என்றும் கேட்கலாம். பிறகு கச்சானைக் கொடுத்து, "முன்பல்லால் மட்டும் மெல்லுங்கள்" என்று சொல்வேன். வகுப்பே சிரிக்கும். நாக்கு அவர்களைக் கேட்காமலே கச்சானைப் பின்னுக்குத் தள்ளிவிடும். "எங்கே போகுது?" "கடைசிக்குப் போகுது மிஸி!" அங்கேதான் வீட்டு உரல் இருக்கிறது என்பேன்.

அடுத்தது எண்ணிக்கை. வாயை நாலு காணியாகப் பிரியுங்கள். பாற்பல் என்றால் ஒவ்வொரு காணியிலும் வெட்டும் பல் 2, வேட்டைப் பல் 1, கடைவாய்ப் பல் 2. ஆக 5, மொத்தம் 20. பாற்பற்களில் முன்கடைவாய்ப் பல்லே கிடையாது. அது பத்துப் பன்னிரண்டு வயதில் பாற்கடைவாய்ப் பல் விழுந்த இடத்தில் வருவது. பெரியவர்களுக்கு ஒரு காணியில் 2, 1, 2, 3. ஆக 8, மொத்தம் 32. ஞானப்பல் முளைக்காதவர்களுக்கு 28. ஞானம் குறைவென்று யாரும் கவலைப்படத் தேவையில்லை.

கண்ணாடியில் முன்னிருந்து எண்ணி, ஆறாவதாக ஒரு பல் தெரிந்தால் கையை உயர்த்தச் சொல்வேன். "வந்திட்டுது, எனக்கு வந்திட்டுது!" என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இவ்வளவு காலம் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

இனிச் சாப்பாடு. இதில் பெரியவர்கள் நாங்கள்தான் மாணவிகள்.

சீனி சாப்பிட்டால் பல் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனை தரம் சாப்பிடுகிறோம் என்பதுதான் பெரிய விசயம் என்பது பலருக்குத் தெரியாது. வாயில் இனிப்புப் பட்டதும் பல்லில் ஒட்டியிருக்கும் பற்றீரியா அதை அமிலமாக்குகிறது. பீஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சிலுள்ள கல்சியம் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைப் பழையபடி சரியாக்க அரை மணித்தியாலம், சில வேளை அதற்கும் மேலே எடுக்கும். காலையில் சீனித் தேத்தண்ணி, எட்டு மணிக்குப் பிஸ்கட், இடைவேளைக்கு ரொபி, பின்னேரம் ஐஸ்பழம், படுக்கையில் சீனி போட்ட பால். உமிழ்நீருக்கு ஓய்வே இல்லை. கீழ் முன்பற்களில் சூத்தை குறைவாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நாக்குக்குக் கீழே உமிழ்நீர் ஊறி அவற்றை நனைத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

சுவீடனில் விப்பேஹோல்ம் என்ற இடத்தில் 1945 முதல் சில வருடங்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்தாருக்குச் சாப்பாட்டோடு இனிப்பு, இன்னொரு கூட்டத்தாருக்குச் சாப்பாட்டுக்கு இடையில் பல்லில் ஒட்டும் ரொபி. சாப்பாட்டோடு இனிப்பு உண்டவர்களுக்குப் பெரிய சேதமில்லை. இடையிடையே ரொபி தின்றவர்களின் பற்கள் அழிந்தன. உலகம் முழுவதும் பல்வைத்தியம் படிப்பவர்கள் இதைப் படிக்கிறார்கள். ஆனால் அந்த ரொபியைத் தின்றவர்கள் மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் இருந்தவர்கள். அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. அந்த அறிவை நாம் பயன்படுத்தும்போது அவர்களையும் நினைக்கவேண்டும் என்பது என் எண்ணம். சுவீடனில் பிறகு பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் இனிப்பு என்ற வழக்கம் பரவியது. நமக்கும் அது கடினமில்லை. பெருநாளுக்குத் தொதல் வரட்டும், பொங்கலுக்குச் சர்க்கரைப்பொங்கல் வரட்டும். சாப்பாட்டோடு தின்று முடியட்டும். நாள்தோறும் பையில் ரொபி வேண்டாம்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு முகாம்களில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். லொறி லொறியாகப் பிஸ்கட் வந்தது. எல்லாம் இழந்து நின்ற பிள்ளைகளின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் கொடுத்தேன். ஆனால் இரண்டு மூன்று வருடங்களில் அந்தப் பிள்ளைகள் என் கதிரைக்கு வந்தார்கள். சம்மாந்துறைத் தாய் ஒருவர் மகளைக் கூட்டிவந்து, "மிஸி, இது பால்பல்லுத்தானே, புடுங்கி உடுங்க, வேற முளைக்குந்தானே" என்றார். "இல்ல ராத்தா, இது ஆறு வயசுப் பல்லு. இனி முளைக்காது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆரும் எனக்குச் சொல்லல்லியே மிஸி" என்றார். என் அம்மாவுக்கும் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பல்லைப் பிடுங்காமல் அடைத்துக் காப்பாற்ற முடிந்தது. எல்லாப் பல்லுக்கும் அப்படி வாய்க்கவில்லை.

பல்லுக்கு நல்ல சாப்பாடு தேடிக் கடைக்குப் போகவேண்டியதில்லை. நெத்தலியும் கீரிமீனும் முள்ளோடு, கூனிச் சுண்டல், முருங்கையிலை, எருமைத் தயிர், பிட்டு, கொய்யா, அவித்த கடலை. நம் அம்மம்மாமாரும் மூத்தம்மாமாரும் சமைத்ததுதான். குடிக்கத் தண்ணீர். போத்தல் குளிர்பானம் வாங்கினால் பிள்ளையையே கணக்குப் பார்க்கச் செய்யுங்கள். 2016 ஓகஸ்ட் முதல் நம் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் அது 44 கிராமுக்கு மேல். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றால் 11 கரண்டி. அந்த 11 கரண்டியை ஒரு கிண்ணத்தில் அள்ளிக் காட்டுங்கள். நீங்கள் வேறு பேச்சுப் பேசவேண்டியதில்லை.

துலக்குவது பற்றிச் சுருக்கமாக. ஃபுளோரைட் உள்ள பற்பசை, 3 வயதுக்குக் கீழ் ஓர் அரிசியளவு, 3 முதல் 6 வரை ஒரு பட்டாணியளவு. இரவுத் துலக்கல் தவறக்கூடாது. நோன்பு காலத்தில் ஸஹர் முடிந்ததும் ஒரு தரம், இரவு படுக்குமுன் ஒரு தரம். கரியும் செங்கல் தூளும் வேண்டாம், பல்லைத் தேய்த்துவிடும். ஏழு எட்டு வயது வரை தாய்தான் துலக்கிவிடவேண்டும். அந்த ஆறுவயதுப் பல் பின்னால் தாழ்ந்து நிற்பதால் பிள்ளையின் பிரஷ் அதற்கு எட்டாது. அதன் மேலுள்ள பள்ளங்களை மூடிவிடும் பூச்சும் உண்டு. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள். மூத்தவர்களுக்கு ஒரு சொல். வெற்றிலைத் தட்டத்திலிருந்து பேரப்பிள்ளைக்குப் பாக்குத் துண்டு கொடுத்து விளையாட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்குவது என்று 2004இல் அறிக்கையிட்டது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் தோஹாவிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளே, அங்கே ஆறு வயதில் பேரப்பிள்ளை இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கும்போது "ஆ" காட்டச் சொல்லுங்கள். பின்னால் வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொல்லி மகளிடம் கேளுங்கள். வந்திருந்தால் அன்றைக்குக் கொழுக்கட்டை அவியுங்கள். சர்க்கரை கொஞ்சம் குறைத்து.

இங்கே இருப்பவர்களுக்கு, பின் மேசையில் கண்ணாடிகளும் ஒரு கூடை கொய்யாவும் வைத்திருக்கிறோம். பிள்ளைகளை யன்னல் பக்கம், வெளிச்சத்துக்குக் கூட்டி வாருங்கள். நான் அங்கே இருப்பேன்.