வழியில் எதிர்ப்பட்ட பேரறிஞர்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பேரறிஞரைக் காண வேண்டுமாயின் நாம் மேடையை நாடிச் செல்கின்றோம். மாலை சூடி வீற்றிருப்பவரைக் கண்டதும் கை தானே கூப்புகின்றது. ஆனால் அதே மனிதர் மாலையும் மேடையுமின்றித் தெருவிலே எதிர்ப்பட்டால் நாம் எவ்வாறு நடந்துகொள்வோம்? இதனையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றோம்.

இன்று கணனி நுழையாத அலுவலகமில்லை. அதன் அடிப்படைக் கொள்கையை 1936ஆம் ஆண்டிலேயே வகுத்தவர் அலன் டியூறிங் என்னும் ஆங்கிலேயர். கட்டளைகளை மாற்றிக் கொடுத்தால் ஒரே இயந்திரம் எவ்வகைக் கணிப்பையும் செய்யலாம் என அவர் நிறுவினார். அப்பொழுது அவருக்கு வயது 24. அவருடைய தந்தையார் சென்னை மாகாணத்திலே சிவில் சேவை உத்தியோகத்தர். தாயார் பிறந்த இடமோ கோயம்புத்தூரை அடுத்த போத்தனூர்.

1939 செப்டெம்பரில் யுத்தம் மூண்டதும், டியூறிங் பிளெச்லி பார்க் என்ற இடத்திலே அரசாங்கத்தின் இரகசியப் பணியிற் சேர்ந்தார். அயற்கிராமத்து விடுதியொன்றில் தங்கி, நாள்தோறும் சைக்கிளிலே வேலைக்குச் சென்றுவந்தார். அவ்வழியே போனவர்கள் கண்டது யாது? கோடை தொடங்கியதும் மகரந்தத் தூளாற் தும்மல் வராதிருக்க, நச்சுவாயு முகமூடியணிந்து சைக்கிள் மிதிக்கும் ஒரு விசித்திர மனிதரை! அந்தச் சைக்கிளின் சங்கிலி அடிக்கடி கழன்றுவிடுமாம். எத்தனை சுற்றுக்கு ஒருமுறை கழலுகின்றதென எண்ணிக்கொண்டே மிதித்து, அந்தத் தருணம் வருமுன் இறங்கிச் சரிசெய்வாராம். ஈற்றிலே, பழுதுற்ற ஒரு கண்ணியும் வளைந்த ஒரு கம்பியும் சந்திக்கும்போதே அது கழலுகின்றதெனக் கண்டுபிடித்தார் என்று உடன் பணியாற்றியோர் சொல்லியிருக்கின்றனர்.

கேட்போர் சிரிப்பர். ஆனால் ஜேர்மனியரின் எனிக்மா என்னும் மறைமொழிப் பொறியும் சுழலும் சக்கரங்களாலானதே. ஒவ்வோர் எழுத்தை அழுத்தும்போதும் சக்கரம் நகர, எழுத்துகள் வேறு வேறாக மாறும். எனினும் ஓர் எழுத்து ஒருபோதும் அதே எழுத்தாக வெளிவராது. அந்தச் சிறு குறையைப் பற்றிக்கொண்டு மறைமொழியை உடைக்கும் பொறியை அமைத்தவர்களில் டியூறிங் முதன்மையானவர். அதன் முதற் பொறி 1940இல் இயங்கத் தொடங்கியது. ஜேர்மானியக் கடற்படையின் செய்திகளை உடைக்கும் பிரிவையும் அவரே நடத்தினார். அட்லாண்டிக் கடலிலே உணவேற்றி வந்த எத்தனையோ கப்பல்கள் நீர்மூழ்கிகளுக்குத் தப்பியது அவ்வேலையினாலேயாம்.

அக்காலத்தில் அவர் தங்கிய விடுதியின் உரிமைக்காரி என்ன நினைத்தார் தெரியுமா? உடல்வலுவுள்ள வாலிபர் ஒருவர் நாட்டுக்குத் தம் கடமையைச் செய்யாதிருக்கின்றாரே என்று குறைபட்டுக்கொண்டார்! டியூறிங் பதில் சொல்ல முடியாதவர். வாயைத் திறந்தால் இரகசியம் போய்விடும். ஏச்சைக் கேட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனார்.

யுத்தம் முடிந்தபின் இலண்டனுக்கு அருகே, தெடிங்டனிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்திலே கணனியொன்றை அமைக்கும் திட்டத்தை வரைந்தார். மாலை வேளையில் நெடுந்தூரம் ஓடுவது அவர் வழக்கம். வோல்ற்றன் ஊர் ஓட்டக் கழகத்தார் ஒருநாள் பயிற்சியில் இருக்கையில், பெருமூச்சும் முனகலுமாக ஒருவர் அவர்களைக் கடந்து பறந்துவிட்டார். ஓரிரு நாட்களின் பின் மறுபடி எதிர்ப்பட்டபோது, “எந்தக் கழகத்துக்காக ஓடுகின்றீர்?” என வினவினர். எதற்குமில்லை என்று அறிந்ததும் தம்மோடு சேர அழைத்தனர். அவரும் சேர்ந்தார். 1947இல் மரதன் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடங்களில் ஓடி ஐந்தாம் இடம் பெற்றார்.

நண்பர்களே, இவ்விரு சந்திப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த அம்மையாரும் அவரை அறியார், ஓட்டக்காரரும் அறியார். ஒருவர் அறியாமலே குறை கூறினார். மற்றவர்கள் அறியாமலே இடங்கொடுத்தனர். பேதம் அறிவிலன்று, மனத்திலே இருக்கின்றது.

மூன்றாவதாக அவரைச் சந்தித்தது சட்டம். ஓர் ஆணோடு உறவு கொண்டாரென்று 1952இல் அவர் குற்றவாளியாக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஓமோன் மருந்தேற்ற இணங்க நேர்ந்தது. இரகசியப் பணிக்கான அனுமதியும் பறிபோயிற்று. 1954 யூன் 7ஆந் திகதி, 41ஆம் வயதில் நஞ்சினால் இறந்தார். தற்கொலை என்பது மரண விசாரணையின் முடிபு. தாயார் 1959இல் மகனைப் பற்றி நூலொன்று எழுதினார். ஆனால் யுத்தகாலத்தில் மகன் செய்த வேலை என்னவென்று அதில் எழுத இயலவில்லை. அந்த இரகசியம் 1970களிலேயே வெளிவரத் தொடங்கிற்று. 2009இல் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2013இல் அரச மன்னிப்பு வந்தது. 2021இல் 50 பவுண் நாணயத்தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. உயிரோடிருக்கையில் கிடைத்திருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

தேர்த் திருவிழாவிலே நாம் தேரைக் காண்கின்றோம். அச்சாணியை யார் காண்கின்றார்? நம்மோடு பஸ்ஸிலே நெருங்கி நிற்பவர், சந்தையிலே பேரம் பேசுபவர், சங்கத்தின் கடைசி வாங்கிலே வாய் திறவாதிருக்கும் தம்பி — இவர்களுள் யார் எதைச் சுமக்கின்றாரென நமக்குத் தெரியாது. பெரியவரென அறிந்தபின் கைகூப்புவது எளிது. அறியுமுன்பே மதிப்பதுதான் பண்பு. அவர்கள் அறிஞராக இல்லாதுபோனால் நமக்கு நட்டம் என்ன? மனிதரை மனிதராக மதித்தோம் என்ற நிறைவு எஞ்சும்.

ஆதலின், வாலிப நண்பர்களே, இன்று இம்மண்டபத்தை விட்டு வெளியேறும்போது வழியில் எதிர்ப்படும் முதல் மனிதரிடமே இதனைத் தொடங்குவோமாக.