கணுக்காலின் குருத்து



புணே நகருக்குத் தென்மேற்கே உள்ள சிங்ககட் கோட்டைக்கு ஞாயிறுதோறும் விடியற்காலையில் மக்கள் திரளாக ஏறுவதை நாம் காண்கிறோம். இறங்கும்போது சறுக்குக் கல்லில் கால் வைத்துக் கணுக்கால் பிசகியவரும் உண்டு. ‘சுளுக்குத்தானே!’ என்று கட்டுப் போட்டுக்கொண்டு நடமாடத் தொடங்கிவிடுகிறோம். வாரங்கள் பல சென்றும் வலி தீராவிடில், அது வெறும் சுளுக்கு அன்று என ஐயுற வேண்டும்.

கணுக்கால் மூட்டின் அடியில் அமைந்த எலும்புக்குத் ‘தாலஸ்’ என்று பெயர். அதன் மேல் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. கால் பிசகும்போது எலும்புகள் மோதி, குருத்தெலும்பும் அதன் கீழுள்ள எலும்பும் சிதைவதுண்டு. எக்ஸ்ரே படத்தில் புலப்படாத சிதைவு எம்.ஆர்.ஐ. படத்தில் புலப்படலாம்.

குருத்து என்றால் தளிர்ப்பது. இந்தக் குருத்தோ, அழிந்தால் மீண்டும் தளிர்ப்பதில்லை; அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இவ்வுண்மையை 1743-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹன்ட்டர் என்ற வைத்தியர் எடுத்துரைத்தார்.

துணுக்கு இடம் பெயராதிருந்தால், முதலில் காலுக்கு ஓய்வளித்துப் பார்ப்பர். பயனில்லையேல் அறுவைச் சிகிச்சை. பெயர்ந்த துணுக்கு பெரிதாகவும் நல்ல நிலையிலும் இருப்பின், திருகாணியால் பொருத்துவர். சிதைவு சுமார் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கினால், சிறு துளை வழியே உட்காட்டிக் குழாயைச் செலுத்தி, சிதைந்ததைச் சுரண்டி நீக்கி, எலும்பில் நுண்துளைகள் இடுவர். மச்சையிலிருந்து ஊறிவரும் இரத்தம் உறைந்து புதுத்திசு உண்டாகும். ஆனால் அது பழைய குருத்தின் உறுதியைப் பெறாது. சிதைவு பெரிதானால், நோயாளியின் முழங்காலில் பாரம் தாங்காத ஓரத்திலிருந்து எலும்போடு குருத்தையும் எடுத்துப் பதிப்பர். முழங்கால் சிறிது வலிக்கக்கூடும். நோயாளியின் குருத்தணுக்களை வெளியே வளர்த்துப் பதிக்கும் முறையும் உண்டு. முழங்காலில் அதனைச் செய்த விவரத்தை சுவீடன் நாட்டார் 1994-இல் வெளியிட்டனர். பின்னர் அது கணுக்காலுக்கும் வந்தது.

மூட்டு முழுதும் தேய்ந்துவிட்டால், எலும்புகளை ஒன்றாகப் பிணைப்பர். அன்றிச் செயற்கை மூட்டு வைப்பர். பிணைத்தால் வலி தணியும்; கணுக்காலின் மடிப்பு போய்விடும். குந்தி உட்கார்ந்து பழகிய நம் நாட்டவருக்கு இது சிறிய இழப்பன்று. ஆகவே, ‘வலி போகுமா?’ என்று மட்டும் கேட்டல் போதாது. ‘எதை இழக்க நேரும்? எத்தனை வாரம் ஊன்றுகோல்?’ என்றும் வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும்.

அனைத்தினும் எளிய சிகிச்சை, தீராத சுளுக்கைக் காலத்தே காட்டுவதேயாம்.