முதல் ஊசி யாருக்கு?

(ஸ்ரீரங்கத்தில் நண்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முக்கொம்பு இங்கேருந்து மேற்கே கொஞ்ச தூரந்தான். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடத்து மேலணையில் ஒன்பது மதகு உடைஞ்சு போச்சு. 1836இல் காட்டன் கட்டியது என்று எல்லாரும் வரலாறு பேசினார்கள். தண்ணிக்குள்ள இறங்கி நாள்கணக்கா மணல்மூட்டை அடுக்கினவங்க காலை எந்த டாக்டர் பார்த்தார்?

சேத்துப்புண்ணில் தோல் வெடிச்சா எலிக்காய்ச்சல் கிருமிக்கு அதுவே வாசல். வெள்ளத்தில் நிற்பவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் கொடுக்கலாம். அதே ஆண்டு வெள்ளத்தில் கேரளம் கொடுத்தது.

தொழில்சார் மருத்துவம் என்று ஒரு துறை இருக்கிறது. பெல் மாதிரி பெரிய ஆலைகளில் அதற்கு மருத்துவர் உண்டு. பேரிடரில் அவருக்கு என்னென்ன தெரியணும்னு கேட்டா தீக்காயம், விஷவாயு, முதலுதவி என்பார்கள். வேணும்தான். ஆனால் பேரிடரை அள்ளுவதே சிலருக்குத் தொழில் என்று தெரிய வேண்டாமா?

2004 டிசம்பர் 26. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். உடல்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் அருந்ததியர், நம்ம சனம். கையுறை போதாமல் வெறுங்கையால் தூக்கினார்கள். பாணரை முனிவர் தோளில் சுமந்த கதை சொல்லும் ஊர் இது. (முதலில் கல்லால் அடிச்சதையும் அந்தக் கதையேதான் சொல்லுது.) நாகையில் யார் யாரைச் சுமந்தது?

பிணத்தால் கொள்ளைநோய் வரும் என்று பீதி. பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். இயற்கைப் பேரிடரில் செத்தவர்களின் உடலால் ஊருக்குத் தொற்று வருவது அநேகமாக இல்லை. பவுடர் தூவுவதால் பயனும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் 2006 கையேட்டில் இதை எழுதின. ஆபத்து தொட்டுத் தூக்குகிறவருக்குத்தான்: மஞ்சள் காமாலை பி, காசநோய், வயிற்றுப்போக்கு. அவருக்கு வேண்டியது கையுறை, பூட்ஸ், சோப்பு, தண்ணீர். ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்து இறக்கிவிடுகிற பழக்கத்தைத் தடுக்கத் தெரிந்தவர்தான் டாக்டர்.

காமாலை பி தடுப்பூசி மூணு தவணை. முடிக்க ஆறு மாசம். புயல் கரையைக் கடந்தபிறகு ஊசி எடுத்தால் என்ன பிரயோசனம்? புயல் இல்லாத மாசத்தில் துப்புரவுக் காலனிக்கு வரத் தெரியணும்.

நான் பேங்க்ல கணக்கு எழுதுறவன். பேரேட்டில் இல்லாதது நடக்கவே இல்லை. அதுதான் எங்க சட்டம். தொற்று அபாயமுள்ள வேலையில் வந்த தொற்றுநோயை 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை தொழில்நோயாகவே வைத்திருந்தது. ஆனால் இன்ன தேதி, இன்ன வேலை, இன்னார் என்று யார் எழுதி வைத்தார்கள்? ஒப்பந்தக்காரன் பேரே எழுத மாட்டான். மருத்துவர்தான் எழுதணும். ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டு ரத்தம் பார்க்கணும், தூக்கம் வருதான்னு கேட்கணும். "இவங்களை இன்னைக்கு இறக்காதே" என்று அதிகாரியிடம் எழுத்தில் சொல்லணும்.

மருத்துவ மாணவர்கள் சிலர் பின்னால உட்கார்ந்திருக்கீங்க. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டோட காலனிக்கு வாங்க. யாருக்கு எத்தனை ஊசி போட்டிருக்குன்னு எழுதுவோம். அம்மாமார்களோட கையுறை அளவையும் கேட்டுக்குங்க. ஆம்பளை அளவில் கொடுத்தா வழுக்குதுன்னு கழட்டிப் போட்டுடுறாங்க.