தங்கவயலின் ஆரம்பப் பள்ளி: பாடங்களும் வாழ்க்கையும்

(கோலார் தங்கவயலில் கட்சி உறுப்பினர்களுக்காக நடத்தப்பட்ட கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் விடியற்காலை ரயிலில் ஏறும் தொழிலாளி, உறங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். இரவு அவர் திரும்பும் நேரத்தில் குழந்தை மீண்டும் உறங்கிவிடுகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதற்குப் பின் தங்கவயலின் பல குடும்பங்களுக்கு இதுவே அன்றாட வாழ்க்கை. போக சுமார் 100 கிலோமீட்டர், வர 100 கிலோமீட்டர். இடைப்பட்ட பகல் பொழுதில் அந்தக் குழந்தையின் பொறுப்பு பெருமளவில் ஆரம்பப் பள்ளியிடம் இருக்கிறது. எனவே, அங்கே குழந்தை என்ன கற்கிறது என்பது ஆசிரியர்களின் பணி சார்ந்த விஷயம் மட்டுமன்று; தொழிலாளி வர்க்கத்தின் அரசியல் பிரச்சனையும் ஆகும்.

பாட அட்டவணையில் மொழி, கணிதம், சூழ்நிலையியல் எனத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. குழந்தையின் வாழ்க்கையில் அத்தகைய கட்டங்கள் இல்லை. ஒரு பாடத்தில் கற்றது மற்றொரு பாடத்திற்கு உதவுகிறதா, அனைத்தும் சேர்ந்து குழந்தை வாழும் ஊரைப் புரிந்துகொள்ள உதவுகின்றனவா என்பதே இந்த உரையின் மையக் கேள்வி.

மூன்று மொழிகளைச் சந்திக்கும் குழந்தை

தங்கவயலில் தமிழ்வழியில் சேரும் குழந்தை ஆரம்பப் பள்ளியிலேயே மூன்று மொழிகளையும் மூன்று எழுத்து வடிவங்களையும் எதிர்கொள்கிறது. வீட்டு மொழி தமிழ், மாநில மொழி கன்னடம், மூன்றாவது ஆங்கிலம். இதைச் சுமை என்று மட்டும் பார்ப்பது தவறு. முறையாகக் கற்பித்தால் ஒரு மொழி மற்றொன்றுக்குப் படிக்கட்டாகும்.

தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல் என்பது ஹல்லு. பத்து என்பது ஹத்து. புலி என்பது ஹுலி. சொல்லின் முதலில் தமிழில் ‘ப’ வரும் பல இடங்களில் கன்னடத்தில் ‘ஹ’ வருகிறது என்பதை நான்கு சொற்களை அருகருகே எழுதிக் காட்டினால் எட்டு வயதுக் குழந்தை தானே கண்டுபிடித்துவிடும். தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்து இடத்திற்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கிறது. கன்னடத்தில் அவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. இதை விளக்காமல், கன்னட எழுத்துக்கூட்டலில் பிழை செய்யும் தமிழ்க் குழந்தையை மந்தம் என்று ஒதுக்குவது அநீதி. இரு மொழிகளும் உறவினர் மொழிகள் என்பதை வகுப்பறையிலேயே உணரும் குழந்தையிடம், தமிழரும் கன்னடரும் பகைவர் என்று பின்னாளில் எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆனால் இந்தப் படிக்கட்டில் ஏறுவதற்கு முதல் படி உறுதியாக இருக்க வேண்டும். தாய்மொழியில் சரளமாக வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு மற்ற இரு மொழிகளும் மனப்பாடமாகவே நின்றுவிடும். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதிகளைச் செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு கூறுகிறது. நடைமுறைக்கு இயன்றவரை பயிற்று மொழி தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவும் கூறுகிறது.

மறுபுறம், தாய்மொழிவழிக் கல்வியை அரசு கட்டாயமாக்க முடியாது என்று கர்நாடக வழக்கில் 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளின் சந்தைக்கு இது கதவை மேலும் அகலத் திறந்தது. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் பெற்றோரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஆங்கிலம் வேலைக்கு வழி என்று அவர் நினைப்பதற்குப் பெங்களூரில் அவர் அன்றாடம் காண்பதே காரணம். அவரது அச்சத்திற்கு விடை அறிவுரை அன்று. தமிழில் ஆழமாகவும், கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் நன்றாகவும் கற்பிக்கும் அரசுப் பள்ளியே விடை.

மணல் மேட்டில் ஒரு வகுத்தல் கணக்கு

தங்கவயலின் சயனைடு மேடுகளை அறியாத குழந்தை இல்லை. அரைத்த தாதுவிலிருந்து சயனைடு கரைசல் மூலம் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட கழிவு மணல் அது. 13 மேடுகள்; சுமார் 3.3 கோடி டன். நூற்றிருபது ஆண்டுகளில் இங்கு எடுக்கப்பட்ட தங்கமோ சுமார் 800 டன்.

முன்னதைப் பின்னதால் வகுத்தால், எடுத்த ஒவ்வொரு கிராம் தங்கத்திற்கும் ஏறத்தாழ 41 கிலோ மணல் இன்றும் இவ்வூரில் கிடக்கிறது என்ற விடை கிடைக்கும். நான்கு கிராம் மோதிரம் ஒன்றுக்கு 165 கிலோ. ஐந்தாம் வகுப்புக்கு எட்டக்கூடிய கணக்குதான் இது. கணக்கு முடியும் இடத்தில் அடுத்த பாடம் தொடங்குகிறது: தங்கம் எங்கே போனது? மணல் யாருக்கு மிஞ்சியது? காற்று வீசும் மாதங்களில் அந்தத் தூசு யாருடைய வீட்டிற்குள் வருகிறது? சுரங்கத் தூசு தாத்தாவின் நுரையீரலை என்ன செய்தது? சூழ்நிலையியல் பாடநூலில் ‘காற்று மாசு’ என்ற தலைப்பில் தொலைதூர நகரத்தின் படத்தைக் காட்டிவிட்டு, பள்ளியின் சன்னலுக்கு வெளியே நிற்கும் மேட்டைக் காட்டாமல் விடுவது கல்வியாகாது. இம்மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்க ஏலம் விடும் திட்டத்திற்கு 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ள நிலையில், அந்தக் கணக்கை அறிந்த தலைமுறை ஊருக்குத் தேவை.

பூமிக்கடியில் அறிவியல்

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். பூமிக்குள் செல்லச் செல்ல வெப்பம் கூடும் என்ற பாடத்தைத் தங்கவயல் தொழிலாளர்கள் உடலால் கற்றார்கள். அதே சுரங்கத்தில்தான், காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் தடயத்தை 1965இல் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இங்கிலாந்து, ஜப்பான் விஞ்ஞானிகளுடன் இணைந்து பதிவு செய்தனர். உலக அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்ட ஆழம் தொழிலாளர்களின் உழைப்பால் தோண்டப்பட்டது.

1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது இந்தச் சுரங்கங்களுக்காகத்தான். மின்சாரப் பாடத்தில் இதைச் சொல்லும் ஆசிரியர் ஒரு கேள்வியையும் சேர்க்கலாம்: அது முதலில் எதற்காக வந்தது, இயந்திரத்திற்கா, தொழிலாளியின் தட்டி வீட்டுக்கா?

கைரேகையும் கையெழுத்தும்

வரலாற்றுப் பாடத்தில் அரசர்கள் உண்டு. ஜான் டெய்லர் கம்பெனியின் பெயரும் வரக்கூடும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து பூமிக்கடியில் இறங்கியவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்? 1930இல் தங்களைக் குற்றவாளிகளைப் போல் கைரேகை வைத்துப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 நவம்பர் 4 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளைச் சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. கைரேகையாக மட்டும் பார்க்கப்பட மறுத்த மக்கள், அச்சுக்கூடம் நடத்தி நூல் வெளியிட்டார்கள் என்பது இவ்வூரின் பெருமை. முதல் வகுப்பில் தன் பெயரை எழுதும் குழந்தை இந்த வரலாற்றின் வாரிசு.

சோவியத் அனுபவம் தரும் எச்சரிக்கை

பாடங்களை வாழ்க்கையோடு இணைப்பது புதிய சிந்தனையன்று. 1923இல் சோவியத் நாட்டில் க்ரூப்ஸ்காயாவின் வழிகாட்டுதலில் உருவான பாடத்திட்டம் இயற்கை, உழைப்பு, சமூகம் என்ற மூன்று தலைப்புகளின் கீழ் எல்லா அறிவையும் ஒருங்கிணைக்க முயன்றது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் குழந்தைகள் வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்குகிறார்கள் என்று கண்ட கட்சி, 1931இல் தனித்தனிப் பாடங்களுக்குத் திரும்பும்படி தீர்மானித்தது.

இந்த அனுபவம் முக்கியமானது. மேட்டைப் பற்றிப் பேசுவது வாய்ப்பாட்டுக்கு மாற்று அன்று. 3.3 கோடியை 800ஆல் வகுக்கத் தெரியாத குழந்தைக்கு மேட்டின் அரசியல் வெறும் முழக்கமாகவே இருக்கும். கர்நாடக அரசுப் பள்ளிகளின் ‘நலி கலி’ வகுப்புகளில் அட்டைகளைக் கொண்டு குழந்தை தன் வேகத்தில் கற்க வழி இருக்கிறது. அதுவும் போதிய ஆசிரியர்கள் இருந்தால்தான் பலன் தரும். ஓர் ஆசிரியர் பல வகுப்புகளைச் சமாளிக்கும் பள்ளியில் எந்த முறையும் வெற்றி பெறாது.

செய்ய வேண்டியவை

கட்சி உறுப்பினர்களின் முன் உள்ள பணிகள் தெளிவானவை. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள அரசு ஆரம்பப் பள்ளியை அறிந்திருக்க வேண்டும்: எத்தனை குழந்தைகள், எத்தனை ஆசிரியர்கள், தமிழ்ப் பாடநூல் எந்த மாதத்தில் வந்து சேர்ந்தது, தமிழ் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படுகிறதா என்பவை குறிப்பேட்டில் இருக்க வேண்டும். பள்ளி மேம்பாட்டுக் குழுவில் பெற்றோரான தோழர்கள் இடம்பெற்றுத் தவறாமல் கூட்டங்களுக்குச் செல்ல வேண்டும். குழந்தைகள் குறைவு என்று தமிழ்ப் பிரிவை மூடும் பேச்சு எழுந்தால், கன்னடத் தோழர்களையும் இணைத்துக்கொண்டு எதிர்க்க வேண்டும். கன்னடவழி அரசுப் பள்ளிகளுக்கும் அதே ஆபத்து இருக்கிறது. ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே, ஆசிரியர்களின் அனுமதியுடன் அவர்களை வகுப்பறைக்கு அழைத்துச் சென்று பேசவைக்க வேண்டும். மாலையில் லைன் வீடுகளில் ஒரு மணி நேரம் உரக்க வாசிக்கும் வட்டம் நடத்தப் பெரும் செலவு ஆகாது.

இரவு ரயிலில் திரும்பும் தொழிலாளி, உறங்கும் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும்போது, அதில் தன் ஊரும் தன் உழைப்பும் பிழையற்ற எழுத்தில், சரியான கணக்கில் இருப்பதைக் காண வேண்டும். அந்த நிலையை உருவாக்குவது தங்கவயல் தோழர்களின் கடமை.